ஒடியற்கூழும் ஒரு ரோமனும்

போன திங்கட்கிழமை விடிய, கிணற்றடியில் வைத்து, நான் ரோமனாக மாறினேன்.

யாரும் வற்புறுத்தவில்லை. போனில் பார்த்த ஒரு வீடியோவில் கோட்டும் சூட்டுமாக ஒருவர் விளக்கினார்: பழைய ரோமாபுரி உலகத்தை ஆண்டது வாளால் அல்ல, ஒழுக்கத்தால். எளிய சாப்பாடு, சொன்ன சொல் மாறாமை, அசையாத மனம். எல்லாவற்றுக்கும் மேலே, ரோமாபுரி வீட்டில் குடும்பத் தலைவன் சொல்வதுதான் சட்டம். இந்தக் கடைசிப் பண்பு என் நெஞ்சைத் தொட்டுவிட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்கள் ஊர் மண்கும்பானில் என் சொல் கேட்டு நடந்தது எங்கள் வீட்டு ஆடு ஒன்றுதான். அதுவும் குழை காட்டினால்தான்.

கட்டில் விரிப்பை ஒரு தோளில் போர்த்திக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றேன். உள்ளே மனைவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"றஞ்சனி, இண்டையிலையிருந்து நான் ரோமன். இந்த வீட்டிலை என்ரை சொல்தான் சட்டம்."

"ஓம், நல்லது. அது நேற்றுத் தோய்ச்ச விரிப்பு, நிலத்திலை முட்டாமல் பிடியுங்கோ. சட்டம் என்ன?"

"எனக்கு இனி ருசியான சாப்பாடு வேண்டாம். பாணும் பச்சைத்தண்ணியும் காணும். நான் காலிலை விழுந்து கேட்டாலும் தரக்கூடாது. இது கட்டளை!"

"உங்கடை கட்டளையை நான் மீறுவனோ?"

இவ்வளவு பணிவை நான் எதிர்பார்க்கவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது.

சனிக்கிழமை வரை ரோமாபுரி அசையவில்லை. சீமெந்து நிலத்தில் படுத்தேன். முதுகு மடிந்தது, மனம் மடியவில்லை.

ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிலிப்பு ஒரு பை நண்டோடும் மனைவி பிலோமினம்மாவோடும் வந்தார். றஞ்சனி ஒடியற்கூழ் காய்ச்சினாள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவுக்குள் நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை, முருங்கையிலை. முற்றத்தில் சட்டியை வைத்து, சுற்றிவர இருந்து, பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்பதுதான் எங்கள் தீவில் முறை. ஆவி நேரே என் மூக்கைத் தேடி வந்தது. கையிலிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தேன்.

நானும் ஒரு பிளாவோடு போய்க் குந்தினேன்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்தும்."

"ஐயோ, தரக்கூடாதெண்டு சொன்னது நீங்கள்தானே?" றஞ்சனி பிலிப்புவின் பிளாவை நிரப்பினாள்.

"அந்தக் கட்டளையை மாத்திறன்."

"சொன்ன சொல் மாறினால் ரோமனோ?" பிலோமினம்மாவின் பிளா நிறைந்தது.

"தலைவன் எதையும் மாத்தலாம்!"

"அப்ப நான் திங்கட்கிழமைத் தலைவன்ரை சொல்லைக் கேக்கிறதோ, ஞாயிற்றுக்கிழமைத் தலைவன்ரை சொல்லைக் கேக்கிறதோ? பிலிப்பு அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

பிலிப்பு நண்டுக்காலை உறிஞ்சியபடி ஆழமாக யோசித்தார். கூழைக் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குடிக்கிற மனுசன்.

"கஷ்டமான கேள்விதான் தங்கச்சி. இன்னும் கொஞ்சம் ஊத்தும், யோசிச்சுச் சொல்லுறன்."

ஊற்றினாள். அவர் யோசித்தார். மறுபடி ஊற்றினாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நண்டுக்காக ரோமாபுரியையே எழுதிக் கொடுத்திருப்பேன். ஒரு வீடு என்ன பெரிய வீடு?

"றஞ்சனி! இண்டையிலையிருந்து இந்த வீட்டுக்கு நீர்தான் தலைவி. பிலிப்பு சாட்சி. என்ரை பழைய கட்டளை ஒண்டும் இனிச் செல்லாது. ஊத்தும்!"

"உண்மையாவோ?"

"சத்தியமா!"

றஞ்சனி சட்டிக்குள் அகப்பையை விட்டாள். டொக்கென்று அடியில் இடித்தது. பிலிப்பு நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

"அப்ப தலைவியின்ரை முதல் கட்டளை," என்றாள் றஞ்சனி. "சட்டி காய முந்திக் கழுவிக் கவிட்டு வையுங்கோ."