கரவன் அண்ணை ஊரில் இல்லை

லண்டன் தமிழர்களிலேயே வீட்டு வாசலைத் தாண்டாமல் அதிகம் சுற்றுலா போனவர் எங்கள் செவன் கிங்ஸ் தெருவின் கரவன் அண்ணைதான். இதை மறுக்க இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.

2003ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் ஓர் அமெரிக்கக் கரவன் வாங்கினார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே உண்டு. காரின் பின்னால் கொழுவி இழுத்துப் போகவேண்டிய வண்டி. அண்ணையிடம் கார் இல்லை. கார் ஓட்டவும் தெரியாது. ஆகவே அது அவர் வீட்டு முன்றிலிலேயே நின்றது. ஆகஸ்ட் பிறந்ததும் பெட்டியோடு அதற்குள் ஏறி, தான் விடுமுறையில் போய்விட்டதாக அறிவித்தார்.

அந்த விடுமுறையில் கண்டிப்பு அதிகம். தொலைபேசி வந்தால் அவர் மனைவி ராணி அக்கா, "அவர் ஊரிலை இல்லை" என்று சொல்லவேண்டும். எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த நான் ஒருநாள் கரவன் ஜன்னலில் தட்டி, அவருடைய மச்சான் வீட்டுக்கு வந்திருப்பதைச் சொன்னேன். திரைச்சீலையை விலக்காமலே, "நான் திரும்பி வந்தாப் பிறகு சொல்லும், தம்பி" என்றார். திரும்பி வந்தபோது தெருவுக்கே பிஸ்கட் கொண்டுவந்தார். ராணி அக்காவைக் கடைக்கு அனுப்பி வாங்கியது.

அடுத்த கோடையில் வினை வந்தது. இரண்டு விடுமுறைகளின் கழிவும் வண்டிக்கு அடியிலிருந்த தொட்டியில் சேர்ந்திருந்தது. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியை இழுத்தால் வால்வு திறந்து, எல்லாம் குழாய் வழியே முன்றிலின் மேன்ஹோலுக்குள் போய்விடும். கைப்பிடி இறுகிப் போயிருந்தது. வாடை மட்டும் தாராளமாக வெளியே வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பொழுதுபட முன்னம் அது திறபடாட்டி வண்டி பழைய இரும்புக்குப் போகும்" என்றார் ராணி அக்கா. "நீங்களும் அதுக்குள்ளையே இருந்து போகலாம்."

அண்ணை கலங்கிப்போனார். "இது போனா நான் எங்கை போறது, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

சம்பவம் நடந்தது சனிக்கிழமை என்று சிலர் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். தவறு. சம்பவத்தன்று கோயிலில் தேர். இங்கே தேர் ஞாயிறில்தான் ஓடும். நாங்கள் வேட்டியும் திருநீறுமாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆகவே ஞாயிறு. அண்ணை கைப்பிடியில் நைலோன் கயிறு கட்டித் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். நானும் பிடித்தேன். பின்னால் வந்தவர்களோ காலையில் தேர்வடம் பிடித்தவர்கள். கயிற்றைக் கண்டதும் காரணம் கேட்காமல் பிடித்தார்கள். யாரோ "அரோகரா" என்றார்.

வால்வு அசையவில்லை. கரவன் அசைந்தது.

சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. குழாய் கழன்றது, வண்டி ஆடி அசைந்து தெருவுக்கு எழுந்தருளியது. பக்கத்து வீட்டு ஆங்கிலேய மூதாட்டி நாயைத் தூக்கிக்கொண்டு பயபக்தியுடன் ஒதுங்கி நின்றார். அண்ணையின் முகத்தில் திகிலோடு கொஞ்சம் பெருமையும் தெரிந்தது. வண்டி முதல்முறையாகப் பயணம் போயிருந்தது அல்லவா?

சத்தம் கேட்டு ராணி அக்கா வெளியே வந்தார். கயிற்றை விடச் சொன்னார். வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டுவந்து விடச் சொன்னார். தேர் இருப்பிடம் சேர்ந்தது. குழாயை மாட்டிவிட்டுக் கைப்பிடியருகே குனிந்தார்.

"நேற்றுத்தான் இதுக்கு நல்லெண்ணெய் விட்டனான். அது ஊறவேணுமெல்லே?"

கைப்பிடியை மெல்ல உள்ளே தள்ளி, மெல்ல வெளியே இழுத்தார். ஒரு கைதான். மேன்ஹோலுக்குள் நீண்ட நேரம் இரைச்சல் கேட்டது. இரும்புக்காரனுக்கு வேலை இல்லாமல் போனது.

"நாங்கள் இழுத்து இளக்கினபடியாத்தான்" என்றார் அண்ணை.

அடுத்த ஆகஸ்டில் ராணி அக்கா வீட்டுக் கதவுத் திறப்பை என் கையில் தந்தார். "நாங்கள் ரெண்டுபேரும் ஊரிலை இருக்கமாட்டம். குசினிக்குள்ள நிக்கிற கறிவேப்பிலைக்குத் தண்ணி விடுவீரே?"

மாலைதோறும் கரவனைக் கடந்துபோய்த் தண்ணீர் விட்டேன். உள்ளே தேநீர்க் கோப்பைகளின் சத்தமும் இருவரின் சிரிப்பும் கேட்கும். ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அவர்கள்தான் ஊரில் இல்லையே.