மூச்சை இழுத்து விடுங்கள்

எனக்குக் கோபமே வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அதை நினைத்தாலே கோபம் கோபமாக வருகிறது.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்தச் சரக்குப் பெட்டகம் எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று காகிதம் தயாரிக்கிற வேலை. முப்பத்திரண்டாவது வயதில், அலுவலக நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, பத்து நாள் தியான முகாம் ஒன்றுக்குப் போனேன். பத்து நாளும் வாயைத் திறக்கக் கூடாது. (அந்தப் பத்து நாளுக்கும் சேர்த்து அடுத்த மூன்று வருடம் பேசினேன் என்பது என் மனைவி பிரின்சியின் கருத்து.) அங்கே நான் விட்டது காபியை. பிடித்தது, கண்ணில் பட்டவர்களை.

வெள்ளை ஜிப்பா தைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். என்னுடைய தத்துவம் எளிமையானது: சமுதாயத்தில் கோளாறு என்று ஒன்று கிடையாது, கோளாறெல்லாம் தனிமனிதனின் மனசில்தான்; ஒவ்வொருவரும் உள்ளே மாறிவிட்டால் வெளியே எல்லாம் தானாகச் சரியாகிவிடும். சாலை மறியல் செய்தி டிவியில் வந்தால், "பாவம், உள்ளே அமைதி இல்லாதவர்கள்" என்பேன். பிரின்சி ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றுவாள். செய்தி பிடிக்காமல் அல்ல, என் வர்ணனை பிடிக்காமல்.

பிரின்சியின் சித்தி லூர்து, திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறார். (ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் என்னால் பட்டது போதும்.) சித்தப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். சித்தி கருவாடு காயப்போட்டு விற்கிறவர். அந்த ஊருக்குப் பக்கத்தில், கழிவு மீனை அவித்து, அரைத்து, கோழித்தீவனத்துக்கு மாவு ஆக்கும் ஆலை ஒன்று வந்திருந்தது. அது வந்த பிறகு அந்த ஊரில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. சித்தியின் பேத்திக்கு மூச்சிரைப்பு வந்து, மாதத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

ஒரு நாள் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மருமவனே, நீரு காயிதம் எழுதுத ஆளுல்லா. கலெக்டருக்கு ஒரு மனு நல்லா எழுதித் தாரும். வார திங்கக்கிழம ஊரே சேர்ந்து போறோம்."

நான் கண்களை மூடி, ஐந்து விநாடி கழித்துத் திறந்தேன். (அப்படிச் செய்தால் ஞானி போல இருக்கும் என்று ஒரு நினைப்பு.)

"சித்தி, மனு எழுதினா ஆலை மாறும். மனசு மாறுமா?"

"ஆல மாறுனா போதும் மருமவனே, அதுக்குத்தான கேக்கேன்."

எழுதித் தரவில்லை. "கோபத்துக்கு என் பேனாவைத் தர மாட்டேன்" என்று வேறு சொன்னேன். என் வாயில் இரண்டு போட்டிருக்க வேண்டும். சித்தியோ, மருமகன் என்ற மரியாதைக்காக, வைத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அந்த ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி என் அலுவலகத்துக்கே வந்தார். சின்ன வயது. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. "சார், உங்க வகுப்பைப் பத்தி ரொம்ப கேள்விப்பட்டேன். எங்க பக்கத்து ஊர் ஜனங்க ரொம்ப டென்ஷனா இருக்காங்க. நீங்க ஒரு நாள் வந்து அவங்க மனசைக் கொஞ்சம் லேசாக்கணும்" என்றார்.

ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும், அந்த ஜனங்களுக்கு ஏன் டென்ஷன் என்று கேட்க. எனக்குத் தோன்றியது வேறு. நம் புகழ் அந்தப் பக்கத்து ஆறுமுகநேரி வரைக்கும் பரவிவிட்டது போலிருக்கிறதே! எந்த ஞாயிறு என்று மட்டும் கேட்டேன். சித்தி சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் அறுபது பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேனர், நாற்காலி, ஊதுவத்தி எல்லாம் ஆலைச் செலவு. என் தத்துவத்தைக் கேட்கத்தான் இத்தனை கூட்டம் என்று பூரித்துப்போனேன். (உண்மை பிறகு தெரிந்தது. "வாரது என் மருமவன், ஆளில்லன்னா எனக்குத்தான் அசிங்கம்" என்று வீடு வீடாகப் போய்ச் சித்தி கூட்டி வந்திருக்கிறார்.)

மூன்றரை மணிக்கு எல்லோரையும் கண்களை மூடச் சொன்னேன். மூடினார்கள். நடுவில் நான், ஜிப்பாவுடன், கடவுளுக்கு அடுத்த நிலையில். அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிறகு வெள்ளைப் பலகையில் 'மாற்றம்' என்று பெரிதாக எழுதி, "உங்க வாழ்க்கையில நீங்களா என்னென்ன மாத்தினீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன்.

ஒரு பெண் எழுந்தார். "தண்ணி எடுக்க கிணத்த மாத்துனேன் சாரே. இந்தக் கிணத்துத் தண்ணி மஞ்சளா வருது."

"அருமை!" என்று எழுதினேன்.

"பிள்ளையள நாசரேத்துல எங்கக்கா வீட்டுல விட்டு, பள்ளிக்கூடத்த மாத்துனேன்."

"சபாஷ்! எல்லாரும் கை தட்டுங்க!" என்றேன். யாரும் தட்டவில்லை. நான் மட்டும் தட்டினேன்.

சித்தி எழுந்தார். "சாப்புடுத நேரத்த மாத்துனோம். ஆலக்காரன் அடுப்பு பத்த வைக்கதுக்கு முந்தி சாப்புட்டுக்கிடணும். இன்னும் என்னத்த மாத்தணும் மருமவனே? மூக்க மாத்தணுமா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அது என்னை நோக்கிய சிரிப்பு என்று தெரியாமல், 'நல்ல நகைச்சுவை உணர்வு, மனம் லேசாகிறது' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அன்றைய என்னை இன்று எங்காவது பஸ்ஸில் பார்த்தால் செவிட்டில் அறைந்துவிட்டுத்தான் இறங்குவேன்.

வகுப்பு நான்கு மணிக்கு முடிய வேண்டும். நான்கு தாண்டியும் பேசினேன். நான்கரைக்கு அதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நேரம் போனதே தெரியவில்லை என்று பாராட்டுகிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். ஐந்துக்குப் பக்கத்தில் அவர் வியர்த்து, இரண்டு கையாலும் முடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். வகுப்பு முடியும் வரை ஆலையின் கொதிகலனை அணைத்து வைக்கச் சொல்லியிருந்ததும், ஐந்து மணிக்கு மேல் அதை நிறுத்தி வைக்க முடியாது என்பதும் எனக்கு எங்கே தெரியும்?

"கடைசியா ஒரு பயிற்சி" என்றேன். "எல்லாரும் மூச்சை நல்லா ஆழமா உள்ளே இழுங்க."

அறுபது பெண்களும் ஒரே நேரத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க. எதிர்ப்பை விடுங்க. காற்று நம்ம நண்பன்."

"நாங்க இழுக்க மாட்டோம் மருமவனே" என்றார் சித்தி. "நீரு வேணும்னா இழும்."

இழுத்தேன். பத்து நாள் முகாமில் பழகிய நுரையீரல் அல்லவா, அடிவயிறு வரை இழுத்தேன்.

அதை மீன் வாடை என்று சொன்னால் மீனுக்கு அவமானம். வெயிலில் நாலு நாள் கிடந்து அழுகிய சாளை மீனை அண்டாவில் போட்டு, ரப்பர் செருப்பையும் சேர்த்து அவித்து, அந்த ஆவியை ஒருவன் உங்கள் மூக்கிலேயே ஊதினால் எப்படி இருக்கும்? மூச்சை வெளியே விட வேண்டும் என்பதே மறந்துவிட்டது. மூச்சுக்குப் பதிலாக மதியம் சாப்பிட்ட பிரியாணி வெளியே வந்தது. ஜிப்பாவில் பாதி, வெள்ளைப் பலகையில் பாதி. 'மாற்றம்' அழிந்தேபோனது.

சித்திதான் ஓடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதிகாரியைக் காணவில்லை. அவருடைய காரையும் காணவில்லை.

வீட்டுக்கு வந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. "இன்னைக்கு எனக்கு வயிறு சரியில்லை" என்றுதான் பிரின்சியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு பிரின்சி போனில் கத்தினாள். "சித்திய கலெக்டர் ஆபீஸ்ல நிப்பாட்டி வச்சிருக்காவ! உங்க போட்டோவ காட்டி மனுவ வாங்க மாட்டேங்காவளாம்! போய் என்னன்னு பாருங்க!"

ஓடினேன். ஊரே வெயிலில் நின்றது. மனு வாங்கும் மேசையில் ஒரு அதிகாரி. அவர் கையில் ஆலை கொடுத்த கடிதம், அதன் மேல் என் போட்டோ. அறுபது பெண்களும் கண் மூடி இருக்க, நடுவில் நான். 'ஊர் மக்கள் மிகுந்த மனமகிழ்ச்சியுடன் கலந்துகொண்டனர்' என்று அடியில் அச்சடித்திருந்தது.

"நேத்து அவங்ககூடத் தியானம் பண்ணிட்டு, இன்னைக்கு அவங்க மேலயே புகாரா? யாரு தூண்டிவிட்டு வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அதிகாரி. "இந்த ஜிப்பாக்காரர் யாரு?"

சித்தி தலை குனிந்து நின்றார். "யாருன்னு தெரியாது சார். வெளியூர் ஆளு."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன் ஊர் முன்னால், அந்த மேசை முன்னால், அக்கா மகளின் புருஷனுக்கு அவமானம் வந்துவிடக் கூடாது என்று பொய் சொன்னார். அந்த நிமிடம், மூன்று வருடமாக நான் மூச்சுப் பிடித்து அடக்கி வைத்திருந்த கோபம் மொத்தமும் மேலே வந்தது. அந்த அதிகாரி மேல், காரில் ஓடியவன் மேல், எல்லோரையும்விட என் மேல்.

"சார், அந்த ஜிப்பா நான்தான். நான் இவங்க மருமகன்" என்றேன்.

அதிகாரிக்குச் சந்தோஷம். "வாங்க சார், படிச்சவரு நீங்களே சொல்லுங்க."

"அடுத்த போட்டோவை அவங்க உங்களுக்குக் குடுக்கலை சார். அதுல நான் வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கேன்."

வரிசையில் நின்ற வேறு ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். அதிகாரியின் முகம் கடுத்தது. "எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதினேன். கோபத்தில் அலுவலகத் தமிழ்தான் வந்தது: 'மேற்படி மண்டபத்தில் மேற்படி காற்றை நான் உள்ளிழுத்ததன் விளைவாக மேற்படி வாந்தி ஏற்பட்டது.' கையெழுத்துப் போட்டேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "பாக்கலாம், போயிட்டு வாங்க" என்றார்.

"போக மாட்டோம்" என்றார் சித்தி. அப்படியே வராந்தாவில் உட்கார்ந்தார். அறுபது பெண்களும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாகக் கோஷம் போட வேண்டும் என்று ஒரு வெறி. எழுந்து, முஷ்டியை உயர்த்தி, தொண்டை கிழியக் கத்தினேன்:

"மூடு! மூடு! மூடு! மூடு!"

வாசலில் நின்ற பியூன் பதறிப்போய் அலுவலகக் கதவை இழுத்து மூடிவிட்டார்.

"எதைன்னு மொதல்ல சொல்லும்வே!" என்று சித்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஆலையை மூடுன்னு சொல்லும்! அவன் கதவ மூடிட்டான் பாரும்!"

கதவை மறுபடி திறக்க வைக்க இருபது நிமிடம் ஆனது. ஆனால் கதவு மூடிய சத்தத்தில் உள்ளே இருந்த பெரிய அதிகாரி ஒருவர் என்னவென்று பார்க்க, திறந்த உடனே வெளியே வந்தார். மனுவை அவர் நின்றபடியே படித்தார். என் வாந்தி வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். சாயங்காலம் வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. அந்த வாரமே ஆட்கள் வந்து காற்றையும் தண்ணீரையும் சோதித்தார்கள். ஆலை சில மாதம் நின்றது. புகைபோக்கியை உயர்த்தி, கழிவுநீருக்குத் தொட்டி கட்டி, பிறகு மீண்டும் ஓட ஆரம்பித்தது. கிணறு பரவாயில்லை. பேத்தி வீட்டில் இருக்கிறாள். சில நாட்களில் வாடை திரும்ப வருகிறது. முழு வெற்றி என்று சொன்னால் சித்தி அடிக்க வருவார்.

தியானத்தை நான் விட்டுவிடவில்லை. காலையில் இருபது நிமிடம், ஜிப்பா இல்லாமல், யாருக்கும் சொல்லாமல் உட்காருகிறேன். என்னுடைய சிடுசிடுப்புக்கு அது நல்ல மருந்து. ஆனால் நான் எத்தனை வருடம் கண் மூடி உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கிணற்றின் மஞ்சள் போயிருக்காது. அதற்கு அறுபது பேர் கண் திறந்து உட்கார வேண்டியிருந்தது. மனிதன் மாற வேண்டும்தான், யார் இல்லை என்றது? மாற வேண்டியவனை விட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் போய்ப் பாடம் நடத்தினேனே, அதுதான் இன்னமும் ஆறவில்லை. "அசையாம உக்காரச் சொல்லித் தந்தீருல்லா, அது மட்டும் அன்னைக்கு ஒதவிச்சு" என்று சித்தி பெரிய மனது பண்ணிச் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் "கதவைச் சாத்து" என்று சொல்வதில்லை. என் மகள் முஷ்டியை உயர்த்தி "மூடு! மூடு!" என்கிறாள். அடுக்களையிலிருந்து பிரின்சி, "எதன்னு சொல்லுளா!" என்கிறாள். விருந்தாளிகள் விழிப்பார்கள். கதையை நானே சொல்ல வேண்டும், அதுதான் எனக்குத் தண்டனை.

வாடை திரும்புகிற வாரங்களில் சித்தியிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"மருமவனே, திங்கக்கிழம லீவு போடும். மனுவ நீரு எழுதும். கூட வந்து உக்காரும். கோசத்த மட்டும் நாங்க போட்டுக்கிடுதோம்."