தொட்டில் துணிக்கு ஒரு வெள்ளோட்டம்

பிறந்த குழந்தை உறங்க வேண்டும் என்பதில் அரசுக்கும் பொதுமக்களுக்கும் இடையே எக்காலத்திலும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. எந்தத் துணியில் உறங்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோதுதான் ஓர் அலுவலகம் தேவைப்பட்டது.

வடசேரியில், காய்கறிச் சந்தையின் இரைச்சல் நேராக ஏறி வரக்கூடிய ஒரு மாடியில், மழலைத் துணிப் பாதுகாப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. மேசை வந்தது, நாற்காலி வந்தது, அதிகாரியாகக் கணபதியப்பனும் வந்தார். விதிகள் மட்டும் வரவில்லை. விதி இல்லாத அலுவலகத்தில் அமர்ந்து ஊதியம் பெறுவதற்கு அவருடைய மனசாட்சி இடம் தரவில்லை. நாஞ்சில் நாட்டு நெல்வயல் குடும்பத்தில் பிறந்த அவர், கடன் வாங்கிய விதையும் முளைக்கும் என்பதை அறிந்தவர். ஆகவே, மீன்பிடிப் படகுகளுக்கான பழைய விதிமுறைகளை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். படகு என்று இருந்த இடத்தில் தொட்டில் என்றும், மீனவர் என்று இருந்த இடத்தில் குழந்தை என்றும், மீன்பிடித்தல் என்று இருந்த இடத்தில் உறங்குதல் என்றும் மாற்றி எழுதினார். ஒரே பிற்பகலில் மாவட்டத்துக்கு முழுமையான தொட்டில் சட்டம் கிடைத்துவிட்டது.

அச்சட்டம் பல வகையில் முற்போக்கானது. புயல் எச்சரிக்கை உள்ளபோது குழந்தைகள் தொட்டிலில் ஏறக் கூடாது. துணி உப்புநீரைத் தாங்க வேண்டும். ஆண்டுதோறும் உறக்கத் தடைக்காலம் கடைப்பிடிக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளோட்டம் முடியாத ஒவ்வொரு தொட்டிலும் யாரும் ஏறாதபடி முத்திரையிடப்பட வேண்டும்.

முத்திரை முதலில் விழுந்தது லிஜியின் வீட்டில். புதுக்கடையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சாலையில் அவளுடைய வீடு. லிஜி தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். பருத்திச் செடியின் குடும்பப் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பருத்தித் துணியைப் பற்றி மட்டும் கைப்பேசியிடம் கேட்டாள். குழந்தையின் கண் எந்த நிறத்தையும் பார்த்துக் களைத்துவிடக் கூடாது என்று கைப்பேசி சொன்னது. அதன்படி மஸ்கட்டில் பணிபுரியும் கணவன் ஜெனின், ஊரார் சேலை எடுக்கும் விலையில் ஒரு மெல்லிய மஸ்லின் துணியை அனுப்பிவைத்தான். காணொளியைப் பார்த்துப் பார்த்து லிஜி அதில் ஒரு தொட்டில் தைத்தாள்.

ஜெனினின் அக்காள் செசிலி அத்துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்னட்டி நெறம்? மழையில நனஞ்ச மண்ணு மாதிரி இருக்கு. இதுல பிள்ளையைக் கெடத்துனா, பிள்ளை எங்கன்னு தடவிப் பாத்துதான் எடுக்கணும்."

"இதுதான் மைனி இப்பம் எல்லாரும் வாங்குதது. கண்ணுக்குச் சாந்தம்."

"சாந்தம் கல்லறைத் தோட்டத்துலயும் இருக்குட்டி."

அந்தத் தொட்டிலின் முடிச்சில்தான் கணபதியப்பன் அரக்கை உருக்கி ஊற்றினார். உடன் வந்த களப்பணியாளர் தன்யா அதைக் கைப்பேசியில் படம் பிடித்தாள். லிஜியின் குழந்தை அபினா தொட்டிலில் அன்றி உறங்காதவள். மடியில் கிடத்தினால் முறைப்பாள். கட்டிலில் கிடத்தினால் கத்துவாள். அரக்கு ஆறுவதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"சார், முத்திரையை எடுங்க. பிள்ளை ஒறங்கணும்," என்றாள் லிஜி.

"வெள்ளோட்டம் முடியட்டும்மா. அதுக்கு முன்னால எடுத்தா சட்டம் என்னத்துக்கு?"

"பின்ன வெள்ளோட்டம் நடத்துங்க. பிள்ளையைக் கெடத்தட்டா?"

கணபதியப்பன் அதிர்ச்சியடைந்தார். "சோதிக்காத தொட்டில்ல பெத்த பிள்ளையைக் கெடத்துகேன்னு சொல்லுகியளே, நீங்க படிச்சவங்கதானா?"

"பிள்ளை கெடக்காம எப்பிடி சார் சோதிப்பிய?"

தன்யா விதியைப் படித்தாள். வெள்ளோட்டத்தின்போது பொறுப்புள்ள அலுவலர் தொட்டிலில் இருக்க வேண்டும். அக்காலத்தில் அவர் எல்லாவகையிலும் குழந்தையாகவே கருதப்படுவார். தொட்டில், உறக்கம் நடைபெறும் நிலையில் இயங்க வேண்டும். இடையில் தடைபட்டால் வெள்ளோட்டம் செல்லாது.

எல்லாரும் கணபதியப்பனின் உடம்பைக் கண்ணால் அளந்தார்கள். அபினா மட்டும் பேசினாள்.

"அப்பம் சாரைத் தொட்டில்ல கெடத்தி ஆட்டணும்," என்று செசிலி தெளிவுபடுத்திக்கொண்டாள். "நாப்பியும் கெட்டணுமா?"

தன்யா ஏட்டைப் புரட்டினாள். "அதைப் பத்தி ஒண்ணும் போடல்லக்கா."

"நல்லவேளை."

கணபதியப்பன் கடமையிலிருந்து பின்வாங்குபவர் அல்லர். செருப்பைக் கழற்றி, கண்ணாடியைத் தன்யாவிடம் கொடுத்து, இரு பெண்கள் தாங்கத் தொட்டிலில் ஏறினார். மஸ்கட் மஸ்லின் ஒரு பெருமூச்சு விட்டது. அவருடைய வலக்கால் துணியைத் துளைத்து வெளியே வந்து தரையில் ஊன்றி நின்றது. எஞ்சிய பகுதி தொட்டிலிலேயே இருந்தது.

"சார், இதை எப்படி எழுதணும்?"

"குழந்தை பகுதியளவில் கரை இறங்கியதுன்னு எழுது," என்றார் தொட்டிலுக்குள்ளிருந்து.

மறுமுறை வந்தபோது, அலுவலகம் ஒப்புதல் அளித்த துணியைத் தாமே கொண்டுவந்தார். பாய்மரத்துக்கும் லாரிக்கும் பொதுவான கித்தான் அது. விரித்தால் தானாகவே நின்றது. லிஜியின் தையல் இயந்திரம் முதல் மடிப்பிலேயே ஊசியை முறித்துக்கொண்டது. பிறகு சாக்குத் தைக்கும் ஊசியால் கையாலேயே தைக்க வேண்டியதாயிற்று. உப்புநீர்ச் சோதனைக்காகத் தன்யா வாளியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் புறப்பட்டாள்.

"அதுக்கு எனத்துக்குக் கடலுக்குப் போணும்?" என்று செசிலி தடுத்தாள். "இந்தா, பிள்ளையைப் பிடிங்க. கொஞ்ச நேரத்துல அவளே தருவா."

கித்தான் எல்லாச் சோதனைகளிலும் தேறியது. கிழியவில்லை, நனையவில்லை, வளையக்கூட இல்லை. கணபதியப்பன் அதனுள் நீண்ட நேரம் கிடந்தார். செசிலி ஆட்டினாள். லிஜி பாடினாள். காற்று நுழையாத அத்துணிக்குள் அவர் வியர்த்தார், நெளிந்தார், முதுகைச் சொறிந்தார், உறங்க மட்டும் இல்லை. இறங்கியபோது முதுகு முழுவதும் சிவந்து தடித்திருந்தது. தன்யா குழந்தையின் முகப்பவுடரை எடுத்து நீட்டினாள்.

"துணி கொள்ளாது சார்," என்றாள் லிஜி.

"அப்படிச் சொல்லாதீங்க. துணியில ஒரு குறையும் இல்ல. எல்லா விதியிலயும் ஜெயிச்சிருக்கு. குழந்தைதான் சரியில்ல."

"பின்ன பிள்ளையை மாத்துவியளா சாரே?" என்று கேட்டாள் செசிலி.

அவர் அதை ஓர் ஆலோசனையாகவே ஏற்றுக்கொண்டு யோசித்தார்.

அதற்குள் அந்தச் சாலையில் இருந்த எல்லாத் தொட்டில்களிலும் அரக்கு விழுந்திருந்தது. மாதிரித் தொட்டில் ஒன்று தேறினால் மற்றவை தாமாகவே விடுவிக்கப்படும், அவ்வாண்டின் தடைக்காலமும் அவற்றைத் தொடாது என்பது விதி. உறக்கத் தடைக்காலம் மறுநாள் தொடங்குகிறது, அதற்குள் வெள்ளோட்டம் முடியாவிட்டால் தடைக்காலம் கழியும்வரை ஒரு குழந்தையும் தொட்டிலில் ஏற முடியாது என்று தன்யா வந்து தெரிவித்தபோது, லிஜி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அபினாவின் கண்கள் உறக்கமின்றிச் சிவந்து, கன்னம் ஒட்டத் தொடங்கியிருந்தது. கைப்பேசி அதற்கும் சாந்தமான நிறத்தில் ஏதோ ஒன்றைப் பரிந்துரைத்திருந்தது.

லிஜி செசிலியின் பெட்டியைத் திறந்து ஒரு பழைய நூல்சேலையை உருவினாள். கிளிப்பச்சை உடல், அதில் ஆரஞ்சுப் பூக்கள், கரை குங்குமச் சிவப்பு.

"ஏட்டி, அது எனக்க திருநாள் சேலை!"

"எத்தனை திருநாளுக்கு மைனி உடுத்திய?"

"சாயம் போற வரைக்கும் உடுத்தணும்னு இருந்தேன். சவம், சாயம் போவல்ல. துணிதான் பஞ்சாப் போச்சு."

பஞ்சாகிப் போனதே வேண்டியிருந்தது. கஞ்சி காணாமல் பலமுறை துவைபட்ட நூல், காற்றை விட்டது, ஈரத்தை உறிஞ்சியது. லிஜி அதை நெட்டுவாக்கில் இரட்டையாக மடித்தாள். பாரம் நெட்டிழையில் இறங்கினால் துணி தாங்கும், குறுக்கே இறங்கினால் பிரியும். தையலின் தடிப்பு உடம்பில் உறுத்தாதபடி மடிப்பை வெளிப்புறமாக வைத்து இருமுறை ஓட்டினாள். துணி தேர்ந்தெடுக்கும்போது தடவிப் பார்க்க வேண்டும் என்ற பண்டைய முறைக்கு முதுகலைப் பட்டம் தடையாக இருக்கவில்லை.

தன்யா படம் பிடிக்கத் தூக்கிய கைப்பேசியைத் தாழ்த்தினாள். "ஐயோ, இந்த நெறமா? வீடியோவில கண்ணைக் குத்துமே அக்கா!"

"ஒறங்குத பிள்ளைக்கு எதுக்குட்டி நெறம்?" என்றாள் செசிலி. "கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஒறங்கும்."

கணபதியப்பன் ஏறினார். பச்சைத் துணி அவரை இருபுறமும் வாரி மூடிக்கொண்டது. லிஜி கயிற்றைப் பிடித்து ஆட்டினாள். மூன்றாவது ஆட்டத்திலேயே அவர், "ம்…" என்றார். அதன்பிறகு சொன்னவை மொழிக்குள் அடங்குபவை அல்ல. அலுவலகம் திறந்த நாள் முதலாகக் கண்ட உறக்கங்கள் அனைத்தும் நாற்காலியில் கண்டவை. தொட்டில் அவருக்குப் புதிது.

அவ்வேளையில்தான் தெருவிலிருந்து ஊர்வலம் வந்தது. முன்னால் வந்தவர் நேசையன். கட்டுமரக் காலத்திலிருந்து எல்லாப் போராட்டங்களுக்கும் தலைமை தாங்கியவர். ஒலிபெருக்கி இல்லாமல் மனைவியிடம்கூடப் பேசாதவர். பின்னால் முத்திரையிடப்பட்ட தொட்டில்களின் சொந்தக்காரர்கள்.

"தொட்டிலுக்குப் பூட்டுப் போடும் அலுவலகமே…" என்று நேசையன் தொடங்கினார்.

தன்யா கைகூப்பியபடி வாசலுக்கு ஓடினாள். "அண்ணாச்சி, சார் இப்பந்தான் கண்ணசந்திருக்காரு. எழுப்பினா வெள்ளோட்டம் செல்லாது. நாளைக்குத் தடைக்காலம்!"

நேசையன் ஒலிபெருக்கியை அணைத்தார். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"பின்ன போராட்டத்தை என்ன செய்ய?" என்று பின்னாலிருந்து ஒருவர் கிசுகிசுத்தார்.

"நடத்தத்தான் செய்யணும். வந்தாச்சுல்லா," என்றார் நேசையன். "மெல்லப் போடுங்கப்பா."

முழக்கம் மெல்ல எழுந்தது. தொட்டிலுக்குப் பூட்டுப் போடும் அலுவலகமே, பிள்ளைகளின் உறக்கத்தைத் திருப்பிக் கொடு. முதல் அடியில் தொட்டில் முன்னே போனது. இரண்டாவது அடியில் பின்னே வந்தது. இத்தனை பொருத்தமான தாலாட்டை லிஜிகூடப் பாடியதில்லை. கணபதியப்பன் உறக்கத்திலேயே புன்னகை செய்தார்.

"சிரிக்காரு பாரு," என்றார் எதிர்வீட்டுச் செல்லபாய், கன்னத்தில் கைவைத்து. அலுவலகத்தைக் கொளுத்த வேண்டும் என்று காலையில் முன்மொழிந்தவர் அவர்தான்.

அதன்பின் காரியங்கள் ஒழுங்காக நடந்தன. வீடுகளில் மிக்சிகள் நிறுத்தப்பட்டன. மீன்காரரின் வண்டி ஆரன் பிடுங்கி வைக்கப்பட்டது. மாலை மணியைச் சற்றுப் பொறுத்து அடிக்கும்படி கோயிலுக்கு ஆள் போனது. முறைவைத்து விசிறினார்கள். அவருடைய மூக்கில் வந்து அமர்ந்த ஈயை, வாழ்நாளில் எந்த அதிகாரிக்கும் எழுந்து நில்லாத செசிலி, முந்தானையால் ஓட்டினாள். சட்டம் மூடத்தனமானது என்பதில் அங்கிருந்த ஒருவருக்கும் ஐயமில்லை. அதனால்தான் அதைக் குறையில்லாமல் நிறைவேற்றிவிட வேண்டும் என்று அனைவரும் முனைந்தார்கள். நாமும் அங்கே இருந்திருந்தால் விசிறியைத்தான் கேட்டு வாங்கியிருப்போம்.

ஒருத்தி மட்டும் ஒத்துழைக்கவில்லை. லிஜியின் இடத்தோளில் கிடந்த அபினா, தான் ஏற வேண்டிய தொட்டிலையும் அதில் கிடப்பவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, உடம்பு முழுவதையும் குரலாக்கி வீறிட்டாள்.

தொட்டில் அசைந்தது. கணபதியப்பன் முகத்தைச் சுளித்தார்.

கூட்டம் முழுவதும் ஒரே மூச்சில் அவள் பக்கம் திரும்பியது. "ஸ்ஸ்ஸ்!" என்றது. நேசையன் விரலை வாயில் வைத்து அதட்டினார். தன்யா கிலுகிலுப்பையைக் காட்டி, அதுவும் சத்தமிடும் என்று நினைவு வந்து ஒளித்துக்கொண்டாள்.

"ஏட்டி லிஜி, பிள்ளையை இங்க தா. நான் கடப்பொறத்துக்குக் கொண்டுபோறேன்," என்றாள் செசிலி.

கயிற்றை விட்டால் சார் விழித்துக்கொள்வார். ஆகவே லிஜி குழந்தையைச் செசிலியிடம் விட்டாள். வலக்கை ஆட்டத்தின் தாளம் தவறாமல், இடக்கையால் அபினாவின் ஈரக் கன்னத்தைத் துடைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அழாத மக்கா. ஒனக்காகத்தான் சார் ஒறங்குதாரு."