நாலாம் பாரத்துப் பானை

பானை உடைந்தபோது வாத்தியார் ஜெபதுரை கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்த்தான். வகுப்பின் மூலையில் ஓடுகள் கிடந்தன. தண்ணீர் பெஞ்சுகளுக்கு அடியில் ஓடியது. ஜெபதாஸ் கையில் சொம்புடன் நின்றான். ராஜமாணிக்கம் உதைத்த காலை இன்னும் கீழே வைக்கவில்லை.

"யார் உடைச்சது?"

"நான்தான் சார்," என்றான் ராஜமாணிக்கம். "அவன் மொண்டான் சார். சொம்ப உள்ள உட்டு அவனே மொண்டான்."

"தாகம் சார்," என்றான் ஜெபதாஸ். "ஊத்துடான்னு மூணு வாட்டி கேட்டேன். எவனும் எழுந்துக்கல."

நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், முப்பத்தொரு பையன்கள். இருபத்திரண்டு பேர் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். ஒன்பது பேர் வேதக்காரப் பையன்கள். பாட்டன் காலத்தில் சேரியிலிருந்து கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பங்கள். ஜெபதுரையின் குடும்பமும் அப்படித்தான். இருபத்திரண்டு பேரும் தாங்களே மொண்டு குடிப்பார்கள். ஒன்பது பேர் குனிந்து கையைக் குவிப்பார்கள், யாராவது ஊற்றுவார்கள். இப்படி என்று யாரும் உத்தரவு போட்டதில்லை. அதனால் அதை யாராலும் ரத்து செய்ய முடியவில்லை.

மறுநாள் காலை தலைமையாசிரியர் ஆதிகேசவன் கூப்பிட்டு அனுப்பினார்.

"இருபத்திரண்டு அப்பன்களும் வந்துட்டுப் போயிட்டாங்க, ஜெபதுரை. அடுத்த திங்கட்கிழமைக்குள்ள ஒரு முடிவு வரலேன்னா பையன்களை அரக்கோணத்துல சேர்த்துடுவாங்களாம். ஒன்பது பேருக்கு ஒரு வகுப்பு நடத்த முடியாது. வகுப்பு இல்லேன்னா..."

"எனக்கு வேலை இல்லே."

"நான் அப்படிச் சொல்ல வரல. விஷயம் அதுதான். ஆனா நான் சொல்ல வரல."

ஜெபதுரை தலையாட்டினான். அவன் மனைவி தபிதாள் காய்ச்சலில் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு காலையில் எழுந்திருக்க அவனுக்கு இருந்த காரணம் இந்த வேலை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எழுந்திருப்பதில்லை.

"பானை விஷயத்துல என்ன செய்யணும் சார்?"

"சட்டப்படி ரெண்டு பானை வைக்கக் கூடாது. வழக்கப்படி ஒரு பானை வைக்க முடியாது. நடுவுல ஏதாவது இருக்கா பாருங்க."

"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல என்ன சார் இருக்கும்?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். கணக்கு வாத்தியாரைக் கேட்டா ஒண்ணரைம்பார். நீங்க சரித்திரம். பையன்களுக்குச் சமரசம்னா என்னன்னு சொல்லிக் குடுங்க. டில்லியில நாட்டையே பேசிப் பிரிச்சிக்கறாங்க. ஒரு பானையைப் பேச முடியாதா?"

மூன்றாவது பீரியடில் ஜெபதுரை சமரசம் நடத்தினான். அமெரிக்காவில் தொடங்கினான். நூற்று அறுபது வருஷத்துக்கு முன் அங்கே அரசியல் சட்டம் எழுதினார்கள். அடிமைகளை ஜனத்தொகையில் சேர்ப்பதா கூடாதா என்று வடக்குக்கும் தெற்குக்கும் தகராறு. கடைசியில் இரு தரப்பும் இறங்கி வந்தன. ஐந்து அடிமைகளை மூன்று பேர் என்று எண்ணுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

"அந்த அஞ்சு பேரைக் கேட்டாங்களா சார்?" என்றான் ஜெபதாஸ்.

"இல்லே."

"அப்ப ராஜி யாருக்கும் யாருக்கும் சார்?"

"அடிமை வெச்சிருந்தவங்களுக்கும் வெச்சிருக்காதவங்களுக்கும்."

"அப்பறம் இன்னா ஆச்சி சார்?"

ஜெபதுரை பொய் சொல்லத் தெரியாதவன். "எழுபது சொச்சம் வருஷம் கழிச்சி சண்டை வந்தது. ஆறு லட்சம் பேர் செத்தாங்க."

ராஜமாணிக்கம் எழுந்தான்.

"எழுவது வருசம் தாங்கிச்சே சார். நம்ப பானைக்கு அது போதும்."

அந்த அளவில் இரு தரப்பும் சம்மதித்தன. புதுப் பானை வந்தது. ஒரே பானை, இரண்டு சொம்பு. சுவரில் இரண்டு ஆணி. இடது ஆணி இருபத்திரண்டு பேருக்கு, வலது ஆணி ஒன்பது பேருக்கு. ஆதிகேசவன் வந்து பார்த்து, "பேஷ்," என்றார்.

புதன்கிழமை காலை பள்ளிப் பியூன் சிங்காரம் இரண்டு சொம்பையும் விளக்கி மாட்டினான். எதை எதில் மாட்டினான் என்று அவனுக்கு நினைவில்லை.

"சரியாத்தான் மாட்டியிருப்பேன் சார்."

"நிச்சயமா?"

"ஆங். இல்லாட்டி மாத்தி மாட்டியிருப்பேன்."

அன்று யாரும் குடிக்கவில்லை. இரண்டு தரப்பும் இரண்டு சொம்பையும் சந்தேகப்பட்டன. சரித்திரத்தில் முதல் தடவையாக முப்பத்தொரு பேரும் ஒரே கருத்தில் இருந்தார்கள்.

ஜெபதுரை சொம்புகளை எடுத்துவிட்டான். இனி யாரும் மொள்ள வேண்டாம். எல்லோரும் கையைக் குவிக்கட்டும். ஒருவன் கொட்டாங்கச்சி அகப்பையால் எல்லோருக்கும் ஊற்றட்டும். காலையில் ஒரு தரப்பு, மத்தியானம் இன்னொரு தரப்பு.

வியாழன் காலை ஜெபதாஸ் ஊற்ற நின்றான். இருபத்திரண்டு பேரில் ஒருவனும் வரவில்லை. மத்தியானம் ராஜமாணிக்கம் ஊற்றினான். பெஞ்சின் மேல் ஏறி நின்று ஊற்றினான். தண்ணீர் ஒன்பது பேரின் கையைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் விழுந்தது.

"கீழே இறங்கி ஊத்துடா."

"தெறிக்கும் சார். அவங்க மேல பட்டு என் மேல தெறிக்கும்."

"உன் மேல பட்டா?"

"நைனா ஊட்டுக்குள்ள உடாது சார். போன தபா கெணத்தடியில பச்சைத் தண்ணியில நிக்க வெச்சிது. மார்கழி மாசம் சார்."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னான். ஜெபதுரைக்கு அவனை அடிக்கக் கை வரவில்லை.

கடைசி பீரியடில் டிரில். மைதானத்தில் வேடியப்பன் மயங்கி விழுந்தான். இருபத்திரண்டில் ஒருவன், இரண்டு நாளாகப் பள்ளியில் தண்ணீர் குடிக்காதவன்; மத்தியானமும் அவன் முறை வருமுன் பானை காலியாகிவிட்டது. அவனைத் தூக்கி நிழலில் போட்டவன் ஜெபதாஸ். கண் விழித்ததும் வேடியப்பன், "நீ தொட்டத ஊட்ல சொல்லிடாதடா," என்று கெஞ்சினான். ஜெபதாஸ் சொல்லவில்லை. பார்த்த நாற்பது பேர் சொன்னார்கள். சாயங்காலம் வேடியப்பனின் அப்பா வேறு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்கு ஜெபதுரை மூங்கில் குழாய் கண்டுபிடித்தான். பானையின் அடியில் ஓட்டை போட்டு ஒரு குழாய் செருகினான். யாரும் பானையைத் தொட வேண்டியதில்லை. குழாய்க்கு ஒரு தக்கை.

"தக்கைய யாரு சார் புடுங்கறது?" என்றான் ராஜமாணிக்கம்.

ஜெபதுரை அதை யோசிக்கவில்லை. வகுப்பு அரை மணி நேரம் விவாதித்தது. தக்கை மரம் என்பதால் தீட்டு ஒட்டாது என்று ஒருவன் சொன்னான். ஈர மரத்துக்கு ஒட்டும் என்று இன்னொருவன். முடிவாக, தக்கை வேண்டாம் என்று தீர்மானம் ஆயிற்று.

தண்ணீர் விடாமல் ஊற்றியது. கால் மணியில் பானை காலி. தரை சேறானது. கணக்கு வாத்தியார் வழுக்கி உட்கார்ந்தார். அவர் எழுந்திருக்கும்போது சொன்னதைப் பையன்கள் நெடுநாள் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

ஜெபதுரை கடைசி பீரியடில் நாற்காலியில் உட்கார்ந்தான். பாடம் நடத்தவில்லை.

"உங்களுக்குள்ளேயே பேசி முடிங்க. எனக்கு இனிமே தெரியாது."

முப்பத்தொரு பேரும் மைதானத்து வேப்பமரத்தடிக்குப் போனார்கள். இரண்டு கூட்டமாக உட்கார்ந்தார்கள். தூது போய் வந்தது. மணி அடிக்கும் முன் ராஜமாணிக்கமும் ஜெபதாஸும் வந்து மேஜைக்கு முன் நின்றார்கள்.

"ராஜி ஆயிட்டுது சார்."

"என்ன ராஜி?"

"பானையே வேணாம் சார்," என்றான் ஜெபதாஸ்.

"தண்ணி?"

"அதுவும் வேணாம் சார். ஊட்டுக்குப் போயி குடிச்சிக்கறோம்."

"எல்லாரும் சம்மதிச்சீங்களா?"

"ஆங் சார். நாங்க குடிக்காட்டியும் பரவால்ல, அவங்க குடிக்கக் கூடாது. அவங்களும் அத்தயேதான் சொன்னாங்க. தோது வந்துட்டுது."

ஆதிகேசவன் கேட்டதும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "பூஜ்யம்! எனக்குத் தோணாமப் போச்சே. ரெண்டு பானை இல்லே, சட்டம் திருப்தி. ஒரு பானை இல்லே, வழக்கம் திருப்தி. ஜெபதுரை, நீங்க இருக்க வேண்டிய இடம் டில்லி."

திங்கட்கிழமை பள்ளியின் காரியதரிசி கஜபதி வந்தார். பாதி ஊர் நிலம் அவருடையது. வகுப்பைப் பார்த்தார். பானை இருந்த மூலையைப் பார்த்தார். உதடு வெடித்த முப்பத்தொரு பையன்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவருக்குப் பரம திருப்தி. ஜெபதுரையின் வேலைக்கு இனி எந்தக் குறையும் வராது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு தலைமையாசிரியர் அறையில் இளநீர் குடித்துவிட்டு வண்டி ஏறினார்.

ஜெபதுரை ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தான். மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். சிங்காரம் வழக்கம்போல டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். ஜெபதுரை அதை எடுக்கவில்லை.

"பையன்கள் நாக்கு வறண்டு உக்காந்திருக்கானுங்க. நமக்கு மட்டும் எதுக்கு? நம்ம பானையையும் எடுத்துடு, சிங்காரம்."

"அது ஆவாது சார்."

"ஏன், மத்தவங்க கோவிச்சிக்குவாங்களா? நான் சொன்னேன்னு சொல்லு."

"மத்தவங்க பானைய நீங்க எப்படி சார் எடுக்கச் சொல்லுவீங்க?" சிங்காரம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜெபதுரை நிமிர்ந்தான். "மத்தவங்க பானையா? அப்ப என் பானை எது?"

சிங்காரம் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. வெளியே போய்த் தாழ்வாரத்தில் விறகு அடுக்கியிருந்த மூலையைக் காட்டினான். அங்கே மூடியோடு ஒரு சின்னப் பானை இருந்தது. நான்கு வருஷத்தில் ஜெபதுரை ஒரு நாளும் தானாக எழுந்துபோய்த் தண்ணீர் குடித்ததில்லை. 'நீங்க உக்காருங்க, சிங்காரம் கொண்டாருவான்' என்று ஆதிகேசவன் சொல்வார். மரியாதை என்று நினைத்திருந்தான்.

"எத்தனை நாளா?"

"நீங்க வந்த நாள்லேருந்து சார். உங்களுக்கு வேலை குடுக்கலாம், பானை தனியா இருக்கணும்னு மத்த வாத்தியாருங்க கஜபதி பெரியவர்கிட்ட ராஜி பேசினாங்க. அத உங்ககிட்ட சொல்லத்தான் வேலை ஆர்டரோட என்னை ஊட்டுக்கு அனுப்பிச்சாங்க. நீங்க குளிச்சிகினு இருந்தீங்க."

"என்கிட்ட நீ ஒண்ணும் சொல்லலியே."

"தபிதாளம்மாகிட்ட சொன்னேன் சார். அவங்க உள்ள போயி அந்தப் பானைய எடுத்தாந்து என் கையில குடுத்து, 'அவருக்குத் தெரிஞ்சா வேலையே வாணாம்னுடுவாரு, நான் சம்மதிச்சேன்னு உங்க பெரியவர்கிட்ட சொல்லிடு'ன்னாங்க."