பேஸ் கேட்டிச்சா?

முதலில் இடது செருப்பைக் கழற்றுவான். வலது செருப்பு காலிலேயே இருக்கும். கழற்றிய காலைப் பின்பக்கமாக நகர்த்தி, தரையில் கிடக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியின் திருகைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கவ்வி, கடுகளவு திருப்புவான். முகம் மட்டும் சபையைப் பார்த்தபடி, பூசைக்கு வந்தவனின் முகம்போல் அமைதியாக இருக்கும். ஒரு பாட்டுக்கு ஒரு கடுகு. பத்தாவது பாட்டில் மண்டபத்து யன்னல் கண்ணாடிகள் மெல்ல அதிரத் தொடங்கும். வெளியே ஜெனரேட்டர் ஓடுகிறது என்று கல்யாண வீட்டார் நினைத்துக்கொள்வார்கள்.

வாசகரே, இவன்தான் பேஸ்காரன்.

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் எந்தத் தேவாலயத் திருநாளிலும் எந்தக் கல்யாணத்திலும் இந்த இனத்தைக் காணலாம். காணலாம் என்பது தவறு. அங்கே இருக்கும், அவ்வளவுதான். பாட்டுக்காரருக்கு அரை அடி பின்னால், றம்ஸ் அடிப்பவருக்கு அரை அடி முன்னால், வீடியோக்காரர் வரும்போதெல்லாம் "கொஞ்சம் தள்ளுங்க தம்பி" என்று சொல்லப்படுவதற்கென்றே ஒதுக்கிய இடத்தில், தோளில் பேஸ் என்கிற நாலு கம்பிக் கிற்றாரோடு நிற்கும். கச்சேரி முடிந்ததும் தெரிந்தவர், தெரியாதவர், கோழிப் புரியாணிக்கு வரிசையில் நிற்பவர் என்று ஒவ்வொருவரிடமாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்கும்:

"பேஸ் கேட்டிச்சா?"

எல்லாரும் "ஓம், ஓம்" என்பார்கள். என்ன கேட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உண்மையைச் சொன்னேன். மூன்று கிழமை என்னோடு கதையில்லை.

கதைக்காமல் விட்டவன் டிலக்‌ஷன். முந்தலில் ஓர் இறால் பண்ணையில் வேலை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு கால்கள் மாதிரி மாறி மாறி நடக்க வேண்டும், ஒரே விரல் இரண்டு தரம் மிதித்தால் அது பாவம் என்பது அவன் மதம். அந்த நடையை எங்கேயும் பழகுவான். இறால் தீனி மூட்டையில், பஸ் சீட்டின் முதுகில், பக்கத்தில் இருப்பவரின் முழங்காலில். பிளாஸ்டிக் துண்டால் கம்பியைச் சுரண்டி வாசிக்கிறவர்களை அவன் மனிதரில் சேர்ப்பதில்லை. பெருவிரலால் கம்பியை ஓங்கி அடிக்கும் வித்தை ஒன்றையும் போனில் பார்த்துப் பழகி, தருணத்துக்காகப் பத்திரமாக வைத்திருந்தான். மணமக்கள் மண்டபத்துக்குள் மெல்ல நடந்து வரும் பாட்டில் ஒருநாள் அதை எடுத்துவிட்டான். பெண்ணின் தாய் திரும்பி, என்ன உடைந்தது என்று பார்த்தார்.

கடற்காற்றுக்குக் கம்பி மூன்று மாதத்தில் துருப்பிடித்து, குரல் அடைத்துவிடும். அப்போது பேஸ்காரன் என்ன செய்வான்? புதுக் கம்பிக்குக் கொழும்புக்குப் போவானா? போகமாட்டான். அடுப்பை மூட்டுவான்.

"டேய், என்ட சட்டிக்குள்ள என்னடா அவியுது?" என்று அவன் தாய் பாக்கியம்மா ஒருநாள் கத்தினார்.

"கம்பி அம்மா. கொதிக்க வச்சா அழுக்கு விட்டிடும், சத்தம் தெளியும்."

பாக்கியம்மா அகப்பையால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "உப்புப் போட்டியா?"

சொந்தக்காரர்களின் ஞானம் வேறு வகை. கிற்றாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாமா ஒருவர் கேட்டார்:

"என்ன மகன், நாலு கம்பிதான் கிடக்கு? மத்த ரெண்டும் அறுந்திட்டா?"

"இல்ல மாமா. இது பேஸ். நாலுதான்."

"ஆ... சரி சரி. பழகப் பழக மத்த ரெண்டையும் போடலாம்."

சிரிக்கிறீர்களா? அவன் சிரிக்கவில்லை. கிழமையில் ஆறு நாளும் குளத்தோரம் இறாலை எண்ணிக்கொண்டு நிற்பவனுக்கு, ஏழாம் நாள் போய் நிற்க ஓரிடம் வேண்டும். அந்த அரை அடிதான் அது. ஐந்து வருடமாக நின்றான்.

அதில்தான் வந்து விழுந்தது, மெலனி என்ற பெண்ணின் கல்யாணத்தன்று காலையில், ஒரு பட்டன்.

இசைக்குழுவின் தலைவர் ஜோர்ஜ் அண்ணன். கீபோட் அவருடையது, பெட்டிகளும் அவருடையவை, ஆகவே கருத்துகளும் அவருடையவையே. சாமான்களோடு லொறியில் போகும்போது, பின்னால் கதிரைகளுக்கு நடுவில், பெட்டி தூக்கக் கூடப்போகும் நானும் இருக்க, அவர் சொன்னார்:

"டிலக்‌ஷன், இண்டைக்குக் கடைசி பைலாவுக்கு நீ வாசிக்காத. சும்மா பிடிச்சிட்டு நில்லு. புதுக் கீபோட்டில பேஸ் இருக்கு. பட்டன் ஒண்டுதான். போட்டுப் பாக்கப்போறன்."

"ஏன் அண்ண?"

"சரிவந்தா, வாற மாசத்திலயிருந்து நீ மினக்கெடத் தேவையில்லத்தானே."

"பிறகு நான் என்ன செய்யிற?"

"வந்து சாப்பிடு. ஆர் வேணாமெண்ட?"

டிலக்‌ஷனின் விரல்கள் லொறித் தகட்டின்மேல் நடந்துகொண்டிருந்தன.

மண்டபத்தில் ஒலி அமைப்பு இப்ஹாம் நாநாவின் பொறுப்பு. புத்தளத்து ஆள். முப்பது வருடமாகத் திருகுகளோடு வாழ்கிறவர். டிலக்‌ஷன் பாட்டுக்குப் பாட்டு அவரிடம் ஓடினான்.

"நாநா, பேஸைக் கொஞ்சம் கூட்டுங்களே."

"கூட்டிட்டன் தம்பி."

"இன்னும் கொஞ்சம்?"

"இந்தா, கூட்டியாச்சி." அவர் திருப்பிய திருகுக்கு வயரே இல்லை. பேஸ்காரர்களுக்கென்று எல்லா ஒலிக்காரரும் அப்படியொரு திருகை வைத்திருப்பார்களாம். ஒவ்வொரு முறையும் அவன் முகம் மலர்ந்து, "இப்பதான் நாநா சரி" என்பான்.

கடைசி பைலா வந்தது, சபையை எழுப்பி ஆடவைக்கும் துள்ளல் பாட்டு. ஜோர்ஜ் அண்ணன் பட்டனை அழுத்தினார். நன்றாக இருந்தது. இரக்கமில்லாமல் நன்றாக இருந்தது. யந்திரம் வியர்க்கவில்லை, களைக்கவில்லை. யாரிடமும் போய் ஒன்றும் கேட்கவில்லை. சபை எழுந்து ஆடியது. டிலக்‌ஷன் கம்பிகள்மேல் கையை வைத்தபடி, கடை வாசலில் நிறுத்தும் பொம்மை மாதிரி நின்றான். நான் என் மூலையில் அவனைப் பாராமல் இருக்க முயன்றேன்.

அப்போது மெலனியின் தகப்பன் முகம் துடைத்த லேஞ்சியை உயர்த்திச் சுழற்றிக்கொண்டு நடுவில் இறங்கினார்.

பாட்டுக்காரர் அன்ரனிப்பிள்ளை கடலுக்குப் போகிறவர். பைலாவை ஏட்டைப் பார்த்துப் பாடுவதில்லை, ஆடுகிறவரைப் பார்த்துப் பாடுவார். ஆடுகிறவர் சூடேறிவிட்டால், பாடிக்கொண்டிருக்கும் வரியைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். எங்கள் கரையில் எல்லாப் பாட்டுக்காரரும் அப்படித்தான், முன்னறிவித்தல் கிடையாது. தகப்பனின் லேஞ்சியைக் கண்டதும் அன்ரனிப்பிள்ளை தாவினார்.

யந்திரம் தாவவில்லை. அது பழைய பாட்டிலேயே, கணக்குப் பிசகாமல், நடந்துகொண்டிருந்தது. குரல் ஓரிடம், பேஸ் ஓரிடம். றம்ஸ்காரர் யார் பின்னால் போவதென்று தெரியாமல் தடியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். ஜோர்ஜ் அண்ணன் பதறிப்போய் ஒரு பட்டனைத் தேடி, எல்லாவற்றையும் நிறுத்தும் பட்டனை அழுத்தினார். மண்டபத்தில் அன்ரனிப்பிள்ளையின் தனிக்குரல். மெலனியின் தகப்பன் ஒரு காலைத் தூக்கியவர், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கியபடியே.

இரண்டு சுரம் கேட்டது. கீழே ஒன்று, மேலே ஒன்று. திரும்பவும் கீழே.

அன்ரனிப்பிள்ளை தாவுவதற்கு முன் அவருடைய வலது தோள் ஒரு விரற்கடை உயரும். அரை அடி பின்னால் ஐந்து வருடம் நின்றவனுக்கு மட்டும் தெரியும் விஷயம் அது. டிலக்‌ஷன் எந்த வித்தையும் காட்டவில்லை. இரண்டே சுரத்தில், இருட்டில் ஆளைக் கைபிடித்துக் கூட்டிப்போவதுபோல் போனான். றம்ஸ் அவன் பின்னால் வந்தது. கீபோட் அதன் பின்னால் வந்தது. தகப்பனின் கால் தரைக்கு வந்தது. சபை இதெல்லாம் பாட்டில் உள்ள விசேஷம் என்று நினைத்துக் கைதட்டியது.

சாமான் கட்டும்போது டிலக்‌ஷன் யாரிடமும் போகவில்லை. ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவனுக்குக் கேட்கப் பயமாயிருந்தது. ஜோர்ஜ் அண்ணன் வயரைச் சுற்றியபடி, தலை நிமிராமல் சொன்னார்:

"உன்ட அடிக்கம்பி சுருதி ஒரு மயிரளவு இறங்கிக் கிடக்கு. எத்தாளையில வாற கல்யாணத்துக்கு முதல் சரிபண்ணு."

"அப்ப... அந்தப் பட்டன்?"

"எந்தப் பட்டன்?"

நீங்கள் இவ்வளவு நேரமும் கிற்றார்காரனைப் பற்றிய கதை என்று நிம்மதியாக வாசித்திருப்பீர்கள். சமைத்து வைத்துவிட்டு, சாப்பிடுகிறவரின் முகத்தைக் கதவோரம் நின்று பார்க்கிறீர்களா? கந்தோரில் நீங்கள் எழுதிய அறிக்கையை மேலதிகாரி வாசிக்கும்போது, வாசிப்பது யாருடைய வசனம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்கிறீர்களா? கவிதையை அனுப்பிவிட்டு, மற்றவர் பார்த்துவிட்டாரா என்று போனைத் திரும்பத் திரும்பத் திறக்கிறீர்களா? மூன்றாவதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காலை மெல்லப் பின்னால் நீட்டிப் பாருங்கள், ஒரு திருகு இருக்கும்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்காமலிருந்தது. அத்தனை இரைச்சலில் அடிக்கம்பி ஒரு மயிரளவு இறங்கியதைப் பிடிக்கும் காது, கீபோட்காரர் ஒருவருக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு மாதம் கழித்து, எத்தாளையில் பெட்டி இறக்கும்போதுதான் இப்ஹாம் நாநா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"ஜோர்ஜா? சிலாபத்துப் பேண்ட் ஒண்டில ஒம்பது வருசம் பேஸ் வாசிச்ச மனிசன். அவங்க கீபோட் எடுத்த கிழமை, இனி வர வேணாமெண்டு சொல்லிட்டாங்க. அடுத்த கிழமையே கிற்றாரை வித்திட்டு, போய்க் கீபோட் வாங்கினாரு."