கீழ்ப்பலகைக் குடித்தனம்

"நாலு மணிக்கு உன் வீட்டுச் சாவுனாவுக்கு வர்றேன் தம்பி. எங்க அடுப்பு மூணு வாரமா சூடே ஏறல," என்றார் ஓயிவா, தோளில் துவாலையோடு வாசலில் நின்றபடி.

இல்போவுக்குத் தேள் கொட்டிய திருடன் நிலை. கத்தவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. ஓயிவா வீட்டுக்காரர். ஒரே மரவீட்டின் ஒரு பாதியில் அவரும் மனைவி கெர்ட்டுவும், மறு பாதியில் வாடகைக்கு இல்போ. அதுவும் சனிக்கிழமை. மிக்கேலி ஊரில் சனிக்கிழமை சாவுனா அறையில் வெந்நீராவிக் குளியலுக்கு வந்து நிற்பவரை இல்லையென்று திருப்பி அனுப்பியவன் அப்புறம் எந்தக் கடையிலும் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

"வாங்க, அதுக்கென்ன," என்றான். கதவைச் சாத்தியதும் சுவரில் சாய்ந்துகொண்டான்.

சாவுனாவில் உட்காரும் கீழ்ப்பலகைக்கு அடியில் ஒரு சாம்பல் பூனையும், பிறந்து ஆறே நாளான ஐந்து குட்டிகளும் இருந்தன.

அவன் ஒன்றும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. போன ஞாயிறு பனிமழையில் கதவைத் திறந்தபோது அவன் காலுக்கிடையில் புகுந்து தாய்ப்பூனை உள்ளே வந்தாள். வீடு பார்க்க வந்தவள்போல் ஒவ்வொரு அறையாக நுழைந்து பார்த்தாள். சாவுனாதான் பிடித்திருந்தது. இருட்டு, உலர்ந்த மரம், காற்று புகாத மூலை. இவளை வெளியே விடுவதா வேண்டாமா என்று இல்போ யோசித்து முடிப்பதற்குள் இரண்டு பிறந்துவிட்டன.

இல்போ நூலக வண்டி ஓட்டுபவன். தன் வண்டியிலிருந்தே பூனைப் பராமரிப்புப் புத்தகங்கள் மூன்றை எடுத்துவந்து படித்தான். தினமும் காலையில் குட்டிகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் காலண்டரில் குறித்தான். ஐந்தாவது குட்டி மட்டும் நோஞ்சான். நேற்றுத்தான் அதுவும் ஆறு கிராம் ஏறியிருந்தது. அதைப் பார்த்து, நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, கண் கலங்கிவிட்டான்.

ஆனால் வாடகைப் பத்திரத்தில் 'பிராணிகள் கூடாது' என்று கெர்ட்டு அம்மாள் தன் கையாலேயே எழுதி, இரண்டு தடவை அடிக்கோடும் போட்டிருந்தார். முன்பு குடியிருந்தவர் ஒரு கிளி வளர்த்தார். கிளியும் அவரும் ஒரே நாளில் காலி செய்தார்கள். ஓயிவாவுக்கே முப்பது வருடமாக ஒரு நாய்க்குட்டி கிடைக்கவில்லை, வாடகைக்காரன் எம்மாத்திரம்?

வெளியே மைனஸ் பன்னிரண்டு. சாவுனா சூடேறினால் எண்பது. இரண்டுக்கும் நடுவில் கண்ணே திறக்காத ஐந்து உயிர்கள்.

முதலில் துணி அலமாரியில் கம்பளிச் சட்டைகளைப் பரப்பி, குட்டிகளை ஒவ்வொன்றாக அங்கே மாற்றினான். ஐந்தாவதை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மணி முதலாவதைக் கழுத்தில் கவ்விக்கொண்டு சாவுனாவுக்கு நடந்துகொண்டிருந்தாள். அவன் கொண்டுவந்து வைக்க, அவள் கொண்டுபோய் வைக்க, மூன்று சுற்று ஆயிற்று. அவனுக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு இல்லை.

அலமாரியைப் பூட்டினான். உள்ளேயிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. உடனே சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள்.

"என்ன சத்தம் தம்பி?" ஓயிவாவின் குரல்.

"நான்தான் பாடறேன்," என்றான் இல்போ.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். இல்போ அலமாரியைத் திறந்தான். மூன்றே முக்காலுக்குக் குடும்பம் மொத்தமும் பழையபடி கீழ்ப்பலகைக்கு அடியில் இருந்தது.

கடைசி வழி பியூஸ். நடைவழிப் பெட்டியில் சாவுனா அடுப்புக்கென்று தனியாக ஒரு பீங்கான் பியூஸ். அதைக் கழற்றிவிட்டு, மேசை இழுப்பறையில் கிடந்த எரிந்துபோன ஒன்றைத் திருகி வைத்தான். நாலு மணிக்கு ஓயிவா வந்ததும் வருத்தமான முகத்தோடு அடுப்பு சூடாகவில்லை என்றான்.

ஓயிவா பெட்டியைத் திறந்தார். எரிந்த பியூஸைக் கண்டதும், தொலைந்த சகோதரனைக் கண்டவர்போல அவர் முகம் மலர்ந்தது.

நாற்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் அவர். தன் வீட்டுச் சாவுனாவுக்கு இதுவரை ஆறு புதுப் பியூஸ் போட்டாராம். மாலையில் போட்டால் காலையில் எரிந்து கிடக்கிறதாம். காரணம் பிடிபடாமல் மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்றார். இரண்டு வீட்டுக்கும் இதே வியாதி என்றால் கோளாறு அவரிடம் இல்லை, நடுச்சுவரில் ஓடும் ஒயரில் இருக்கிறது.

"கீழ்ப்பலகையைக் கழட்டினா ஒயர் தெரிஞ்சிடும். ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இல்போ சாவுனாக் கதவை மறித்து நின்றுகொண்டான். அது பழைய பியூஸ், வயசாகித்தான் போயிருக்கும், புதுசு போட்டால் நிச்சயம் வேலை செய்யும் என்று மளமளவென்று சொன்னான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

ஓயிவா சட்டைப் பையிலிருந்து புதுப் பியூஸை எடுத்துத் திருகினார். கதவுக்கு வெளியிலிருந்த விசையை முழுசாகத் திருப்பினார். உள்ளே அடுப்பு 'டக்' என்றது.

"அட, வேலை செய்யுதே. அரைமணியில சூடாயிடும். பீர் எடுத்துட்டு வந்துடறேன்," என்று வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்.

இல்போ பெட்டிக்குப் பாய்ந்தான். புதுப் பியூஸ் இறுகியிருந்ததால் சட்டென்று கழன்று வரவில்லை. ஒரு வழியாகக் கழற்றி, எரிந்ததை மற்றக் கையில் எடுத்தபோது பின்னால் ஏலக்காய் வாசனை அடித்தது. திரும்பினான். துணி மூடிய ரொட்டித் தட்டோடு கெர்ட்டு அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி பண்றே?"

அவன் வாய் திறக்குமுன் சாவுனாக் கதவு லேசாக அசைந்தது. மதியம் முழுக்க நகரமாட்டேன் என்று அடம்பிடித்தவள், அடுப்பில் சூடு தட்டியதும் தானாகவே இடம் மாறத் தீர்மானித்திருந்தாள். நோஞ்சான் குட்டியை வாயில் கவ்வியபடி நடைவழியில் வந்து, அக்கம்பக்கம் பார்த்து, கெர்ட்டு அம்மாளின் செருப்புமேல் அதை வைத்தாள். அடுத்ததை எடுத்துவரத் திரும்பிப் போனாள்.

கெர்ட்டு அம்மாள் கீழே பார்த்தார். இல்போவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தனை?"

"அஞ்சு. நான் காலி பண்ணிடறேன் அம்மா. கண்ணு திறக்கிற வரைக்கும் மட்டும் விடுங்க. பனியில போட்டா ஒண்ணும் பிழைக்காது." வேறு யாருக்காகவும் அவன் இப்படிக் கெஞ்சியதில்லை.

வாசல்படியில் ஓயிவாவின் காலடிச் சத்தம் கேட்டது.

கெர்ட்டு அம்மாள் குனிந்து குட்டியை எடுத்து ரொட்டித் துணிக்கு அடியில் விட்டார். சாவுனாக் கதவை முழங்காலால் தள்ளிச் சாத்தினார். இல்போவின் கையிலிருந்த எரிந்த பியூஸை வாங்கி, பார்க்காமலேயே மூன்று திருகில் மாட்டினார். நல்லதை வாங்கி ஏப்ரன் பையில் போட்டார். பைக்குள் ஏதோ 'கிளிங்' என்றது.

ஓயிவா வந்தார். விசையைத் திருப்பிப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுவும் போச்சு கெர்ட்டு. எனக்குத் தொழிலே மறந்துபோச்சு போல."

"உங்க மேல தப்பில்ல, சுவர் மேல தப்பு. அதைப் பொறுமையாப் பார்த்துக்கலாம். இப்ப நீச்சல்குளத்துச் சாவுனாவுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க," என்றார் கெர்ட்டு அம்மாள். துணிக்கு அடியிலிருந்து 'மீ' என்று சத்தம் வரவும் பலமாக இருமினார்.

ஓயிவா துவாலையை எடுத்துக்கொண்டு தளர்ந்த நடையில் போனார். கார் தெரு திரும்பும் வரை இருவரும் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, பத்திரத்துல..." என்று இல்போ தொடங்கினான்.

கெர்ட்டு அம்மாள் ஏப்ரன் பையைச் சமையலறை மேசைமேல் கவிழ்த்தார். ஏழு பியூஸ்கள் உருண்டன. எல்லாமே புத்தம்புதுசு.

"எங்க சாவுனால நாலு பூனைக்குட்டி, தம்பி," என்றார். "முப்பது வருஷமா நாய்க்குட்டி கேட்ட மனுஷன்கிட்ட இதை எந்த முகத்தோட சொல்றதுன்னு தெரியாமத்தான் அவரை உன் வீட்டுக்குக் குளிக்க அனுப்பினேன்."