நிமிசம் அண்ணையின் ஏழு பன்னிரண்டு

பஸ் பிந்தி வந்த துக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டை வேண்டாமென்று தள்ளிவைத்த மனிதர் மொன்றியலில் ஒருவர்தான் இருந்திருப்பார். எங்கள் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவரை நிமிசம் அண்ணை என்போம். சொந்தப் பெயர் சம்பளக் கடிதத்தில் மட்டும் இருந்தது.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து அளவில் இருவரும் பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரிலிருந்துதான் வேலைக்குப் போவோம். நான் காரில், அவர் பஸ்ஸில். பனி கொட்டும் காலையில் பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் காரை நிறுத்தி, "ஏறுங்கோ அண்ணை" என்பேன்.

"வேண்டாம் ஐசே. எனக்கு ஏழு பன்னிரண்டு பஸ் இருக்கு."

"இப்ப ஏழு இருபது!"

"அது அவன்ரை பிழை. நான் நேரத்துக்கு வந்திட்டன்."

பஸ் வந்ததும், பிந்திய நிமிடங்களைச் சாரதிக்கு விரலால் காட்டிவிட்டுத்தான் ஏறுவார். போகப் போக அந்த கியூபெக் சாரதியும் சுதாரித்துக்கொண்டான். கதவைத் திறக்கும்போதே "பொன்ஜூர்!" என்று எட்டு விரலைத் தானே காட்டிவிடுவான். குற்றத்தை ஒப்புக்கொண்டானே என்று அண்ணைக்குப் பரம திருப்தி.

மத்தியான இடைவேளையில் நாடுகளை ஒப்பிடத் தொடங்குவார். கனடாவுக்கு வரமுன் மூன்று வருடம் ஜேர்மனியில் இருந்தவர். "அங்கை ரயில் வரேக்கை நாங்கள் மணிக்கூட்டைத் திருத்தலாம்" என்பார். அமெரிக்கா என்றால் முகம் சுளிப்பார். நியூ ஜெர்சியில் மச்சாள் வீட்டுக்குப் போக பஸ்ஸால் இறங்கி நடந்தாராம். நடைபாதையே இல்லாத தெரு. பொலிஸ்காரன் மறித்து, ஏன் நடக்கிறாய் என்று கேட்டானாம். "நடக்கிறதுக்குக் காரணம் கேக்கிற நாடு ஐசே!" நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். மொன்றியலுக்கு அவருடைய தீர்ப்பு: "மெட்ரோவுக்குள்ளை நிண்டால் ஐரோப்பா. படியேறி மேலை வந்தால் அமெரிக்கா."

அவருடைய தம்பி ஜேர்மனியில், ஸ்ருட்கார்ட் நகரில் சின்னக் கடை வைத்திருந்தார். வருடா வருடம் புதிய ரயில் அட்டவணைப் புத்தகத்தைத் தபாலில் அனுப்புவார். அண்ணை அதை ஒரு கிழமையில் பாடமாக்கிவிடுவார். ஆனால் ஒருமுறையாவது தம்பியிடம் போய்வரவில்லை. கேட்டால், "லீவில்லை ஐசே" என்பார். அவருக்கு எவ்வளவு லீவு மிச்சம் கிடக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம் என் மனைவியின் சொந்தத்தில் ஒரு கலியாணம், அதே ஸ்ருட்கார்ட்டில். அண்ணை புத்தகத்தைத் திறக்காமலே வழி எழுதித் தந்தார். "பிராங்பேர்ட்டிலை பத்து பதினாலு. மூண்டாம் பெட்டியிலை ஏறும். இறங்கேக்கை படி நேரை நிக்கும். அடுத்த ரயிலுக்கு மாற ஆறு நிமிசம், காணும்."

பத்து பதினாலு நாற்பது நிமிடம் பிந்தி வந்தது. மாற வேண்டிய ரயில் போய்விட்டது. மனைவி என்னை முறைக்க, நானோ தாமதம் காட்டிய அறிவிப்புப் பலகையை ஆசை ஆசையாகப் படம் பிடித்தேன். இத்தனை நாள் கேட்ட பிரசங்கத்துக்குப் பதில் கிடைத்துவிட்டதே!

அண்ணை போனில் சொல்லியிருந்ததால், கலியாண மண்டபத்தில் அவருடைய தம்பி என்னைத் தேடிவந்தார். சிரித்துக்கொண்டே படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"இதை அண்ணைக்குக் காட்டாதேங்கோ. அவர் இந்த ரயிலிலை ஒருநாளும் ஏறினதில்லை."

"என்ன பகிடியோ?"

"எங்களைப் பிரிச்சு வேறை வேறை அகதி முகாமிலை விட்டவங்கள். முகாம் இருந்த மாவட்டத்தை விட்டு வெளிக்கிட அவருக்கு அனுமதியில்லை. என்ரை கலியாணத்துக்கு வர அனுமதி கேட்டவர், அதுக்கும் குடுக்கேல்லை. பின்னேரத்திலை ஸ்டேசனுக்குப் போய், நான் இருக்கிற பக்கம் வாற ரயிலைப் பாத்திட்டுத் திரும்பிப் போவாராம். இப்ப கனடாப் பாஸ்போட் இருக்கு. வாங்கோ எண்டுதான் வருசா வருசம் புத்தகம் அனுப்புறன்."

நடக்கக் காரணம் கேட்ட பொலிஸ்காரனுக்கு அத்தனை சிரித்தோம். ஜேர்மனியில் ரயில் ஏற அவர் அதிகாரிகளுக்குச் சொன்ன காரணம் போதவில்லை என்பதை அவர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. படத்தை அங்கேயே அழித்தேன்.

திரும்பி வந்து தரிப்பிடத்தில் காரை நிறுத்தியதும் அண்ணை கண்ணாடியருகே குனிந்தார். "பத்து பதினாலு?"

"நிமிசம் பிசகேல்லை அண்ணை."

முகம் மலர்ந்தது. பிறகு குரலைத் தணித்தார். "பரிசோதகர் வந்து டிக்கெட் மட்டுமோ கேட்டவர்? வேறை கடதாசி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"டிக்கெட் மட்டும்தான் அண்ணை."

சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "ஏறினது நீர்தானே. எனக்கு ஒருக்கா எழுதித் தாரும்."

அவருக்கே நான் வழி எழுதினேன். மாறும் இடத்தில் ஆறு நிமிடத்துக்குப் பதில் ஒரு மணித்தியாலம் விட்டேன். "ஏன் இவ்வளவு?" என்றார். "இறங்கி ஆறுதலாக ஒரு கோப்பி குடியுங்கோ" என்றேன்.

அந்தக் கோடையில் போனார். ஸ்ருட்கார்ட்டிலிருந்து போன் வந்தது. "ஐசே, நாப்பத்தைஞ்சு நிமிசம் பிந்திட்டான்!"

"பேந்து என்ன செய்தனீங்கள் அண்ணை?"

"பேந்தென்ன? தம்பியின்ரை கலியாணத்துக்கு நான் பதினாறு வருசமெல்லே பிந்தி வந்து நிக்கிறன். ஆரை ஏசிறது?" பின்னால் தம்பி பெரிதாகச் சிரிப்பது கேட்டது.

அந்தக் கிழமை முழுக்க எங்கள் தெருவில் பஸ் சரியாக ஏழு பன்னிரண்டுக்கே வந்தது. சாரதி கதவைத் திறந்து, ஒரு விரலும் காட்ட ஆளில்லாமல், என்னைப் பார்த்தான். நானும் காருக்குள் இருந்து அவனைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அந்த மனிதர் இல்லாமல் காலை விடிந்தது மாதிரியே இருக்கவில்லை.